மீதி நேரம்



கடந்த மார்ச் மாதம் நடந்த இளையோர் முகாமில் எனக்கு ஒரு மணி நேர அங்கம் கொடுத்திருந்தார்கள். தலைப்பு, பரபரப்பான வாழ்க்கையில் இறை சிந்தனை. கேட்க வந்தவர்கள் படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள். நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. கணக்கு இல்லாமல் எனக்குப் பேச வராது. ஒரு நாளைக்கு 1,440 நிமிடம்; காலையில் ஐந்து, படுக்கும் முன் ஐந்து என்று பத்து நிமிடம் சாமிக்குக் கொடுக்க முடியாதா என்று ஸ்லைடு போட்டுக் காட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். கடைசி வரிசையில் ஒரு பையன் மட்டும் கை தூக்கினான்.

"அக்கா, அப்ப மீதி 1,430 நிமிஷம் சாமிய மறந்துடலாமா?"

முகாமே சிரித்தது. நானும் சிரித்தேன். "நல்ல கேள்வி தம்பி, டீ பிரேக்ல பேசலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டேன். டீ பிரேக்கில் அவன் பக்கமே நான் போகவில்லை. போயிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தத் தம்பிக்குத்தான். கொஞ்சம் லேட்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். விடுதியில் என் அறைத்தோழி ஒரு மலாய்ப் பெண். எவ்வளவு வேலை இருந்தாலும் தொழுகை நேரம் வந்தால் லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு ஏக்கம். நம் பெரியவர்களும் காலை, உச்சி, மாலை என்று சந்தி வைத்திருந்தார்கள்தானே, நாமும் வைத்துக்கொள்வோம் என்று ஃபோனில் மூன்று அலாரம் வைத்தேன். அடித்தால் கண்ணை மூடி ஐந்து தடவை சிவாயநம சொல்ல வேண்டும். முதல் வாரம் ரொம்ப அழகாகப் போனது. இரண்டாவது வாரம் விரிவுரை நடுவில் அடித்தது, நிறுத்தினேன். மூன்றாவது வாரம் என் கட்டைவிரல் என்னைக் கேட்காமலேயே அதைத் தள்ளிவிடப் பழகிவிட்டது. காலை அலாரத்தை எப்படி அணைக்கிறோமோ அப்படி. சாமியும் ஒரு நோட்டிஃபிகேஷன் ஆகிவிட்டார்.

சரி, அலாரம் வேண்டாம், எப்போதுமே நினைப்பில் வைத்துக்கொள்வோம் என்று பார்த்தால் அது இன்னும் மோசம். வகைக்கெழுச் சமன்பாடு போடும்போது மனதில் நாமம் ஓடினால் சமன்பாடு தப்பாகிறது. சமன்பாடு சரியாக ஓடினால் நாமம் நின்றுவிடுகிறது. ஒரே நேரத்தில் இரண்டையும் முழுதாகச் செய்ய என் மண்டைக்குத் தெரியவில்லை.

கீதையின் எட்டாம் அத்தியாயம் ஏழாம் சுலோகத்தில் கண்ணன் அர்ச்சுனனிடம், எல்லாக் காலத்திலும் என்னை நினை, போரும் செய் என்கிற பொருளில் சொல்கிறார். எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதிரில் பீஷ்மர் அம்பு விட்டுக்கொண்டிருக்கிறார். வில்லில் இருக்க வேண்டிய கவனத்தில் பாதியை எடுத்து வேறு எங்காவது வைத்தால் அர்ச்சுனன் கதி என்ன? நினைப்பது என்றால் மனதில் ஒரு உருவத்தையோ சொல்லையோ விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பது என்று அர்த்தமானால், கண்ணன் செய்ய முடியாத ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறார். அப்படி இருக்காது. ஆக, நினைப்பது என்பதை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேன்.

நாரதர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருமாலின் தலைசிறந்த பக்தன் நானே என்று நினைத்துக்கொண்டிருந்த நாரதரிடம், காலையும் இரவும் மட்டும் பேரைச் சொல்லும் ஒரு விவசாயியைப் பெருமாள் உயர்த்திப் பேசுவார். நாரதருக்குக் கோபம் வரும். உடனே விளிம்பு வரை எண்ணெய் நிறைந்த கிண்ணத்தைக் கையில் கொடுத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் சுற்றி வரச் சொல்வார். நாரதர் சுற்றி வந்தார், சிந்தவில்லை. ஆனால் வழியில் ஒரு தடவைகூட நாராயணனை நினைக்கவில்லை.

இந்தக் கதையை முகாமில் நானும் சொன்னேன். உண்மையைச் சொன்னால், நம்மைப் போன்றவர்கள் இதை ஒரு விடுப்புக் கடிதம் மாதிரி பயன்படுத்துகிறோம். விவசாயிக்கே இரண்டு தடவை போதும் என்றால் எனக்கு அசைன்மெண்ட் இருக்கு, எஃப்ஒய்பி இருக்கு, நான் ஒரு தடவை சொன்னாலே பெரிசு. நாரதரை மட்டம் தட்டிவிட்டு நாம் தூங்கப் போய்விடுகிறோம்.

எனக்கு நாரதர் மேல் கொஞ்சம் பரிதாபம் உண்டு. காரணம், இந்த வருடத் தைப்பூசத்தில் பினாங்குத் தண்ணீர்மலைக்கு நான் பால்குடம் எடுத்தேன். வெயில், கூட்டம், தண்ணீர்ப் பந்தல்களிலிருந்து காது கிழியும் பாட்டு, காலடியில் தேங்காய்ச் சில்லு. அதற்கு மேல் 513 படி. ஏறும்போது என் மனதில் முருகன் இருந்தாரா? பால் இருந்தது. முன்னால் போகிற அக்காவின் முந்தானையை மிதிக்கக் கூடாது என்கிற பயம் இருந்தது. மேலே போய்ச் சேர்ந்து குடத்தை இறக்கிய பிறகுதான், அட, வழி முழுக்க முருகனை நினைக்கவே இல்லையே என்று தோன்றியது. ஆனால் யாருக்காக அந்தப் பாலைச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு போனேன்? நினைக்கவில்லை என்பதும் உண்மை. ஒவ்வொரு படியும் அவருக்காகத்தான் என்பதும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன்.

இதற்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது ஒரு சாப்பாட்டுக் கடையில். எனக்கு வெள்ளிக்கிழமை சைவம். வெள்ளிக்கிழமை முழுக்க "நான் இன்னிக்குச் சைவம், நான் இன்னிக்குச் சைவம்" என்று நான் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. நாள் பூராவும் அந்த நினைப்பே கிடையாது. ஆனால் நாசி சாம்பூர் கடையில் வரிசையில் நிற்கும்போது, கோழிக் குழம்புக் கரண்டிப் பக்கம் போகிற கை தானாக நின்றுவிடும். சம்பலில் பெலாச்சான் போட்டிருக்கா என்று வாய் தானாகக் கேட்கும். நினைப்பு எங்கேயோ உள்ளே இருந்திருக்கிறது. வேண்டிய நேரத்தில் வந்து கையைப் பிடிக்கிறது. ஒருவேளை இதுதான் நினைப்பது என்பதற்கு அர்த்தமோ? எப்போதும் மனதின் மேல்தட்டில் மிதந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. கை தப்பான பக்கம் போகும்போது நிறுத்தினால் போதும்.

ரொம்ப நல்ல விளக்கம் என்று எனக்கே சந்தோஷம். அதே சந்தோஷத்தில் இருக்கும்போதுதான் அந்த லேப் ரிப்போர்ட் வந்தது.

வெப்பக் கடத்தல் சோதனை. பித்தளைத் துண்டின் ஒரு பக்கம் ஹீட்டர், மறுபக்கம் குளிர்ந்த நீர், நடுவில் வரிசையாகத் தெர்மோகப்பள். ஹீட்டர் சக்தியை ஐந்து அளவில் வைத்து, ஒவ்வொன்றிலும் வெப்பநிலை அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து எழுத வேண்டும். ஒரு அளவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அன்றைக்குத் தண்ணீர்க் குழாய் ஒழுகித் தொடங்கவே தாமதம். எங்கள் குழு நாலு பேர். இரண்டு அளவு எடுப்பதற்குள் லேப் மூடும் நேரம் வந்துவிட்டது.

மீதி மூன்றையும் நான்தான் "எடுத்தேன்". விடுதி அறையில். பாடப் புத்தகத்தில் இருக்கும் மதிப்பை வைத்துச் சூத்திரத்தைத் தலைகீழாகப் போட்டால் என்ன வெப்பநிலை வந்திருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அப்படியே எழுதினால் சந்தேகம் வரும் என்று ஒவ்வொன்றிலும் அரை டிகிரி, ஒரு டிகிரி கூட்டிக் குறைத்தேன். பொய்யில் பிழை கலந்தால்தான் உண்மை மாதிரி இருக்கும். அந்த அளவுக்கு நிதானமாகச் செய்தேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மத்தியானம் மீ கோரெங்கில் முட்டை போட வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லி வாங்கினேன். ராத்திரி பதினொரு மணிக்கு, இல்லாத வெப்பநிலையை எழுதினேன். கோழிக்கு நின்ற கை இதற்கு நிற்கவில்லை. லேசாகக்கூடத் தயங்கவில்லை. முடித்து அனுப்பிவிட்டு, படுக்கும் முன் சொல்ல வேண்டிய ஐந்து நிமிடத் தேவாரத்தையும் சொல்லிவிட்டுத்தான் படுத்தேன். அந்தத் தம்பியின் 1,430 நிமிடம் எங்கே போகிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தது என்று இப்போது எழுதுகிறேன். அன்று ராத்திரி நன்றாகத்தான் தூங்கினேன்.

அடுத்த வாரம் செமஸ்டர் இடைவிடுமுறை. பட்டர்வொர்த்தில் வீட்டுக்குப் போனேன். அம்மா பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் 22 வருடமாக ஆப்பரேட்டர். 1972இல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டைக்குத்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேர் தலைமுறை தலைமுறையாகப் போய் வருகிறார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். ஃபேக்டரி பஸ் 13.5 கிலோமீட்டர் பாலத்தைக் கடக்கும்போது தூங்கிவிட்டால் கொஞ்சம் தூக்கம், இல்லாவிட்டால் அதுவும் கிடையாது. வேலை என்ன என்றால், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சில்லுகளில் கீறல், உடைசல், கம்பி விட்டுப்போனது எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு தட்டு முடிந்தால் அடுத்த தட்டு. இப்படி நாள் பூராவும்.

பரபரப்பான வாழ்க்கை என்று முகாமில் நான் பேசினேனே, அது எங்கள் வீட்டில் என்னுடையது இல்லை.

அம்மாவிடம் கேட்டேன். "வேலைல இருக்கும்போது சாமிய நினைப்பீங்களாமா?"

"நினைப்பேன்."

"கீறலையும் பார்த்துக்கிட்டு எப்படிம்மா நினைக்க முடியும்?"

"அது எப்படிடி முடியும்? பார்க்கும்போது பார்க்கணும். இல்லன்னா ரிஜெக்ட் பீஸ் உள்ள போயிடும். தட்டு மாத்துவேன்ல, அப்ப ஒரு தடவ ஓம் முருகான்னு சொல்லிக்குவேன். மறுபடி பார்க்க ஆரம்பிச்சிடுவேன்."

அவ்வளவுதான். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. நான் அலாரம் வைத்துத் தோற்ற இடத்தில் அம்மா தட்டை வைத்து 22 வருடம் ஓட்டியிருக்கிறார். என் அலாரம் வேலைக்கு வெளியிலிருந்து வந்து வேலையைக் குறுக்கே வெட்டியது. அம்மாவின் தட்டு வேலைக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது, அடுத்த தட்டு வந்துதான் ஆக வேண்டும்.

ஆனால் நான் உட்கார்ந்துவிட்டது இதற்கு அடுத்து அவர் சொன்னதைக் கேட்டுத்தான். ஷிஃப்ட் முடியும் நேரம், டார்கெட் இன்னும் வரவில்லை என்றால் லைன் லீடர் பின்னால் வந்து நிற்பாராம். சின்னக் கீறல்தானே அக்கா, விடுங்க என்பாராம். நிறைய பேர் விட்டுவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது, திட்டு யார் வாங்குவது என்றார் அம்மா. "நீங்க?" என்றேன்.

"எனக்கு வராதுடி."

"சாமி பார்க்குதுன்னு பயமா?"

அம்மா சிரித்துவிட்டார். "சாமி என்ன கியூசியா, பின்னால நின்னு செக் பண்றதுக்கு? அப்படி இல்ல. இப்பத்தான் ஒரு தட்டுக்கு முன்னால அவர் பேரச் சொன்ன வாய். அதே வாயால இதுக்கு ஓகேன்னு எப்படிச் சொல்றது? கூச்சமா இருக்குல்ல."

கூச்சம். இந்த ஒரு சொல்லை எந்தச் சொற்பொழிவிலும் நான் கேட்டதில்லை. பயம் என்று கேட்டிருக்கிறேன், அன்பு என்று கேட்டிருக்கிறேன். பயம் இருந்தால் மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று தெரிந்த இடத்தில் போய்விடும். என் லேப் ரிப்போர்ட்டில் அது போன மாதிரி. கூச்சம் வேறு. இப்போதுதான் ஒருவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அவர் அறையை விட்டுப் போவதற்குள் எப்படித் திருடுவது என்கிற மாதிரி. அதற்கு அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். காலையில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு ரிப்போர்ட் எழுதினால், நடுவில் பதினாறு மணி நேரம். அவர் எப்போதோ போய்விட்டார். கூச்சப்பட யாருமே இல்லை.

வகுப்பில் ஒரு நண்பன் சாமி கும்பிடாதவன். இதைச் சொன்னதும் அவன் கேட்டது நியாயமான கேள்வி. "நான் எந்தச் சாமியையும் நினைக்கிறதில்ல. ஆனா நான் டேட்டாவ மாத்த மாட்டேன். அப்ப உனக்கு எதுக்குச் சாமி? நேர்மை போதாதா?"

அவனுக்குப் போதும். அவன் கை சாமி இல்லாமலே நிற்கிறது, அதை நான் மறுக்கவில்லை. சாமி கும்பிட்ட என் கைதான் நிற்கவில்லை. ஆனால் நேர்மை என்பதை ஒரு விதியாக மட்டும் வைத்துக்கொண்டால் நான் அதனோடு பேரம் பேசுவேன் என்று எனக்குத் தெரியும். எல்லாரும் செய்றாங்க, ஐந்து சதவீத மதிப்பெண்தான், குழாய் ஒழுகியது எங்கள் தப்பா, என்று வக்கீல் மாதிரி வாதாடி ஜெயித்தும்விடுவேன். விதி பதில் பேசாது. எதிரில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அப்படி வாதாட வாய் வராது. இது கடவுள் இருக்கிறார் என்பதற்கு நிரூபணம் இல்லை. எனக்கு அவர் எதற்குத் தேவை என்பதற்கு மட்டும்தான்.

விடுமுறை முடிந்து போனதும் குழுவிடம் சொன்னேன், ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கி மீதி மூன்றையும் எடுத்துவிடலாம் என்று. இரண்டு பேர் சரி என்றார்கள். ஒருவன் கொதித்துவிட்டான். அவன் கோபம் எனக்குப் புரிகிறது. முதல் வகுப்பில் தேறினால் பிடிபிடிஎன் கடனைக் கட்ட வேண்டியதில்லை. அவன் அந்தக் கோட்டின் மேலேயே நடந்துகொண்டிருக்கிறான். "உனக்கு ஞானம் வந்துச்சுன்னா நீ மார்க்க இழந்துக்க. என்னை ஏன் இழுக்கிற?" என்றான். இதற்கு என்னிடம் இன்றுவரை நல்ல பதில் இல்லை. தப்பான எண்ணை எழுதியது நான். அதில் அவனுக்குக் கிடைக்கவிருந்த மதிப்பெண்ணைப் பிடுங்குவதும் நான். என் கூச்சத்துக்கு அவன் கடன் கட்டலாமா? பொய் ரிப்போர்ட்டில் அவன் பெயரும் இருக்கிறது, அது அவனுக்கும் நல்லதில்லை என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அவன் கேட்டதற்கு அது முழுப் பதில் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். திட்டிக்கொண்டேதான் வந்தான். இப்போது தேவைக்கு மட்டும் பேசுகிறான்.

விரிவுரையாளர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, செய்து கொண்டு வாருங்கள், தாமதத்துக்கான மதிப்பெண் கழிக்கப்படும் என்றார். அவ்வளவுதான். நான் எதிர்பார்த்த திட்டும் இல்லை, மனதுக்குள் ரகசியமாக எதிர்பார்த்த பாராட்டும் இல்லை.

இதையெல்லாம் எழுதுவதால் நான் இப்போது எப்போதும் இறை நினைவில் இருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இல்லை. அதனால்தான் எனக்கு அறுபத்துமூவரில் சாக்கிய நாயனாரைப் பிடிக்கிறது. புத்த சமயத்தாரின் உடையில் இருந்தவர். தினமும் சாப்பிடுவதற்கு முன் சிவலிங்கத்தின் மேல் ஒரு கல்லை எறிவது அவர் வழிபாடு. பார்க்கிறவர்களுக்கு அது அவமதிப்பாகத் தெரியும். ஒரு நாள் மறந்துவிட்டார். சாப்பிடப் போகும் நேரத்தில் ஞாபகம் வந்தது, சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினார். பெரியபுராணம் அவர் மறந்ததை மறைக்கவில்லை. ஒரு நாயனாரே மறந்திருக்கிறார். ஆனால் மறந்தவர் நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று சாப்பிட்டு முடிக்கவில்லை. அந்த ஓட்டத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். உடம்பெல்லாம் வேர்த்து, கையில் கல்லோடு, பசியோடு ஓடுகிற ஒரு மனிதர்.

எனக்குத் தட்டு இல்லை. அதனால் எனக்குரிய இடைவெளிகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். புதிய பக்கம் திருப்பும்போது ஒரு தடவை. புரோகிராமை ஓடவிட்டு முடிவு வரும்வரை காத்திருக்கும்போது ஒரு தடவை. லிஃப்ட் வரும்வரை. பாதி நாள் ஃபோனை எடுத்துவிடுகிறேன். இந்த இடைவெளிகளையெல்லாம் எனக்கு முன்னாலேயே ஃபோன் பிடித்து வைத்திருக்கிறது என்பது தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

போன புதன்கிழமை சாயந்திரம் அந்தச் சோதனையை மறுபடி செய்தோம். ஹீட்டரை ஏற்றிவிட்டால் அரை மணி நேரம் செய்ய ஒன்றும் இல்லை. எண் மெதுவாக ஏறும், ஏறி ஏறி நிற்கும். நிற்கும்வரை யாரும் அதை அவசரப்படுத்த முடியாது. முதல் காத்திருப்பில் சொன்னேன். இரண்டாவதில் மறந்து இன்ஸ்டாகிராம் பார்த்துக்கொண்டிருந்தேன், பாதியில் ஞாபகம் வந்து ஃபோனைப் பையில் போட்டேன். எங்களுக்கு வந்த மதிப்பு புத்தகத்தில் இருப்பதைவிட ரொம்பவே அதிகம். ஹீட்டரின் சூடு எல்லாம் பித்தளை வழியாகப் போகவில்லை, ஒரு பங்கு பக்கவாட்டில் வெளியே போயிருக்கிறது. நான் விடுதி அறையில் எழுதிய எண்கள் இதைவிட எவ்வளவோ அழகு. கோபக்கார நண்பன் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், கடைசி அளவின் எண்ணைப் படித்தான். 61.3. இன்னும் ஐந்து நிமிடம் இருப்போம் என்றேன். சரி என்றான். மறுபடி படித்தான். 61.3. எழுதிக்கொண்டேன்.